வேட்டி மடியில் எந்தக் கத்தி நிற்கும்?

கேள்வி இதுதான்: "காரைக்குடியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கும் அப்பச்சிக்கும் (அப்பாவுக்கும்) ஆளுக்கொரு நல்ல மடக்குக் கத்தி வாங்க வேண்டும். அப்பச்சி வேட்டிதான் கட்டுவார், தோட்டம் துரவு பார்க்கிறார். 300 ரூபாய்க்கும் கத்தி இருக்கிறது, 15,000 ரூபாய்க்கும் இருக்கிறது. வாங்கி வைத்திருப்பவர்களின் அனுபவம் என்ன? விலைக்கேற்ற வித்தியாசம் உண்டா?"

உண்டு. ஆனால் ஒரு விலைக்கு மேலே போய்விட்டால் அந்த வித்தியாசம் நம் ஊர்ப் புழக்கத்தில் கைக்கு வந்து சேராது. ஏன் என்று சொல்கிறேன்.

தேவகோட்டையில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. கத்தி விற்பது கொஞ்சம்தான். மற்றவர்கள் எங்கெங்கோ வாங்கிய கத்தியைத் தீட்டிக் கொடுப்பதும், அலகும் பிடியும் சேரும் மூட்டு ஆடிப்போனால் அதை இறுக்கிக் கொடுப்பதும்தான் அதிகம். சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்தது, ஆன்லைனில் வாங்கியது, ஐயா பர்மாவில் இருந்தபோது வாங்கியது என்று எல்லாம் இந்த மேஜைக்கு வரும். கத்தி புதிதில் எப்படி என்பதைவிட, இரண்டு மூன்று வருஷப் புழக்கத்துக்குப் பிறகு எப்படி என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

மலிவான கத்தியைக் கொண்டுவருகிறவர் 'வெட்டமாட்டேங்குது' என்று சொல்வது குறைவு. 'ஆடுது' என்றுதான் சொல்வார். மூட்டில் போட்ட ரிவெட் மெல்லிசாக இருக்கும், துளையும் அதுவும் பொருந்தியிருக்காது, நடுவில் வாஷர்கூட இருக்காது. கொஞ்ச நாள் புழங்கினால் அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அலகு ஆடினால், விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு அதன் இடத்தில் உட்காராது. பூட்டு உட்காராத கத்தி, குத்தி இழுக்கிற நேரத்தில் விரல் மேலேயே மடங்கும். நான் பார்த்த விரல் காயங்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான், கூர் அதிகமானதால் வந்தவை இல்லை. ஆக, நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் மூட்டும் பூட்டும். அதற்கு அப்புறம்தான் எஃகு.

கடையில் நின்றே இதைப் பார்த்துவிடலாம். கத்தியை விரித்து, அலகின் முதுகைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். அசையக் கூடாது. மடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அலகு பிடியின் நடுவே நிற்க வேண்டும், ஒரு பக்கச் சுவரை உரசக் கூடாது. பூட்டு உள்ள கத்தியென்றால் விரித்து, விரல்களை மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை மரத்தில் லேசாகத் தட்டுங்கள். மடங்கினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். 'சைனா' என்றாலே மட்டம் என்பது பழைய பேச்சு. நடுத்தர விலையில் அங்கிருந்து வரும் கத்திகள் பலவும் இந்தச் சோதனையில் ஒழுங்காகத் தேறுகின்றன.

இனி எஃகு. எஃகு எவ்வளவு கடினம் என்று காட்ட விளம்பரங்களில் ராக்வெல் கடினம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தியின் அலகு 55, 56 அளவில் இருக்கும். ஸ்பைடர்கோ கம்பெனியின் டெலிகா கத்தியில் வரும் விஜி-10 என்ற ஜப்பான் எஃகு 60 அளவுக்கு. எண் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும். இது உண்மை. சொல்லாமல் விடுவது என்னவென்றால், மழுங்கிய பிறகு அதைத் தேய்ப்பதும் அதே அளவுக்குக் கஷ்டம். கல் நல்லதாக இருக்க வேண்டும், கைக்கும் பழக்கம் வேண்டும். விலை உயர்ந்த கத்தி வாங்கியவர்களில் நான் பார்த்த பலருடைய அனுபவம் ஒரே மாதிரி: முதல் ஆறு மாதம் பிரமாதம், அப்புறம் மழுங்கியது, வீட்டில் உள்ள கல்லில் நாலு தேய் தேய்த்தார்கள், எதுவும் நடக்கவில்லை, கத்தி டிராயருக்குள் போய்விட்டது.

இல்லாவிட்டால் அதைவிட மோசம், தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை தங்கம். ஆனால் இப்போது வண்டியில் சுற்றுவது மோட்டார் சக்கரம். மடக்குக் கத்தியின் வாய் மெல்லிசு, தண்ணீர் விடாமல் பிடித்தால் நொடியில் சூடேறிவிடும். அலகின் ஓரம் நீலம் பூத்துவிட்டால் அந்த இடம் 300 டிகிரிக்குப் பக்கத்தில் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். சூடாக்கித் தண்ணீரில் விட்டு ஏற்றிய கடினம், கொல்லர் பாஷையில் சொன்னால் தோய்ச்சல், போய்விட்டது. அந்த இடத்தில் இனி கூர் நிற்காது. திருப்பாச்சேத்தி நம் சிவகங்கை மாவட்டம்தானே, அந்த ஊர்ப் பட்டறைகளில் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிப்பதைவிட, எந்த நிறத்தில் எடுத்துத் தண்ணீரில் விடுகிறார்கள் என்பதில்தான் அந்த அரிவாளின் ஆயுள் இருக்கிறது.

அதனால் என் கணக்கு இது: உங்கள் கையாலேயே தீட்டிக்கொள்ள முடிகிற எஃகுதான் உங்களுக்கு நல்ல எஃகு. கத்திக்குப் பட்ஜெட் போடும்போது அதில் ஒரு பங்கைக் கல்லுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் நைஸ் என்று வரும் கார்போரண்டம் கல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். (1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கிய முருகப்பா குழுமக் குடும்பத்துக்குச் சொந்த ஊர் நம் பள்ளத்தூர். தேய்க்கிற கல்லிலும் செட்டிநாடு இருக்கிறது.) சுவிஸ் கத்திக்கும் சாதாரண கார்பன் எஃகுக்கும் இந்தக் கல் தாராளம். ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரிக்குள் சாய்த்து, ஒரே சாய்வில் இழுங்கள். சாய்வு சரியா என்று தெரிய வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேயுங்கள். மை முழுக்கப் போனால் சாய்வு சரி. முதுகுப் பக்கத்தில் மட்டும் போனால் அதிகம் படுக்க வைத்திருக்கிறீர்கள். மறு பக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை ஒரு பக்கத்தைத் தேய்த்து, பிறகு மாற்ற வேண்டும். பிசிறு வருமுன்னே நிறுத்துவதால்தான் பலருக்கும் 'கல் சரியில்லை' என்று தோன்றுகிறது. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முதுகு முன்னே போகும்படி இழுத்தால் பிசிறு விழுந்துவிடும்.

அவசரத்துக்குக் கல்கூட வேண்டாம். வீட்டில் ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத வளையம் ஒன்று இருக்கும். அதில் இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் சோர்ந்த வாய்க்கு உயிர் வரும். நம் வீடுகளில் ஜாடிக்கா பஞ்சம்?

இனி எது வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். என் மேஜைக்கு வருவதில் உடைமைக்காரர்கள் திட்டாமல் கொண்டுவருவது விக்டோரினாக்ஸ்தான். கார்ல் எல்செனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் பட்டறை போட்டார், 1891இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார், நாம் 'சுவிஸ் கத்தி' என்று அறிந்த அந்த உருவம் 1897இல் வந்தது. இவ்வளவு காலம் ஒரே பொருளைச் செய்தவர்களுக்கு ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது கைவந்திருக்கிறது. மடித்தால் 91 மில்லிமீட்டர் நீளம் வரும் சாதாரண மாடல்களில் பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, கயிறு அறுக்க அது போதும். குத்தித் திருகும் வேலைக்கு அதை எடுக்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொன்று: அலகைவிட அதிகம் பயன்படுவது கத்தரிக்கோல். கத்தரி இல்லாத மாடலை வாங்கியவர்கள் அடுத்த முறை கத்தரியோடு வாங்குகிறார்கள். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தியைக்கூட ஆச்சிமார் பூ நூல் வெட்டவும் மாத்திரை அட்டை பிரிக்கவும் வைத்திருக்கிறார்கள். போலிகள் நிறைய உலவுகின்றன, ஜாக்கிரதை. பெரிய அலகின் அடியில் கம்பெனிப் பெயர் சுத்தமாக வெட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு கருவியும் திறந்து மூடும்போது டக்கென்று விழ வேண்டும். கொழகொழவென்று மூடினால் அது சுவிஸ் மலைப் பக்கமே போனதில்லை.

இரண்டாவது, ஓபினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய விவசாயிக் கத்தி. பீச் மரப்பிடி, ஒரு அலகு, கழுத்தில் திருகிப் பூட்டும் இரும்பு வளையம். அந்த வளையம் 1955இல் வந்தது. எட்டாம் நம்பர் அளவுதான் எல்லோரும் வாங்குவது. அலகு 8.5 சென்டிமீட்டர், மொத்த எடை 50 கிராமுக்கும் கீழே. விலையும் மற்றவற்றோடு பார்த்தால் குறைவு. கார்பன் எஃகிலும் வரும், ஸ்டெயின்லெஸிலும் வரும். கார்பன் அலகை நம் கார்போரண்டம் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் முடி சிரைக்கும். மெல்லிசான அலகு என்பதால் மாங்காயைக் கீறினால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆனால் இங்கே இரண்டு விஷயம் தெரிந்து வாங்க வேண்டும். ஒன்று, கார்பன் எஃகுக்குப் புளிப்பும் துவர்ப்பும் ஆகாது. மாங்காய், எலுமிச்சை, புளி பட்டால் அலகு சாம்பல் நிறமாகும். வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கினால் கத்தியும் கறுக்கும், காயும் கறுக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி கறுப்பு வரும், வேறொன்றுமில்லை. சமையலறையில் இதனால் சண்டை வரும். கத்திக்குக் கேடில்லை. அந்தச் சாம்பல் பூச்சு ஏறிய அலகு துருவுக்கும் கொஞ்சம் தாங்கும். செந்நிறத் துரு வேறு, அதை மட்டும் விடக் கூடாது. இரண்டு, மரப்பிடி ஈரத்தில் ஊதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலகு பிடிக்குள்ளேயே சிக்கிக்கொண்டு நகத்துக்கு வராது. பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும். சவோய்க்காரர்களே அப்படித்தான் எடுப்பார்களாம். நிரந்தர வழி, புதிதில் பிடியை நன்றாகக் காயவைத்து லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசி ஊறவிடுவது. தேக்குக் கதவுக்குப் பூச உங்கள் வேலையிடத்தில் அந்த எண்ணெய் இருக்கும்தானே.

மூன்றாவது ரகம், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் நவீனக் கத்திகள். அலகில் கட்டைவிரலுக்கு வட்டத் துளை போட்டு, சட்டைப்பையில் மாட்ட கிளிப் வைத்து ஸ்பைடர்கோ 1981இல் கொண்டுவந்த உருவம்தான் இன்று பாதி உலகத்தில் ஓடுகிறது. சாரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தி திறக்க வேண்டியவருக்கு இதற்கு இணையில்லை. உங்களுக்கு இது பொருந்தும். ஆனால் ஒன்று: சுண்ணாம்புக் காரை சுரண்ட, சிமெண்ட் மூட்டை கிழிக்க, அட்டைப்பெட்டி அறுக்க இந்தக் கத்தியை எடுக்காதீர்கள். காரையும் அட்டையும் எந்த எஃகையும் தின்றுவிடும். அதற்கு நுனியை உடைத்து உடைத்துப் புதுப்பிக்கும் கட்டர் போதும். ஒல்ஃபா கம்பெனியைப் பின்னால் உண்டாக்கியவர் 1956இல் ஜப்பானில் கண்டுபிடித்த அந்தச் சின்னச் சாமான், உங்கள் வேலையில் பாதியை நூறு இருநூறு ரூபாயில் முடித்துவிடும். நல்ல கத்தியை நல்ல வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். டி2 என்ற எஃகு போட்டதை இந்த ரகத்தில் நிறைய விற்கிறார்கள். அதில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கட்டிப்போய்விடுவதால் முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது. இடுப்பு வியர்வையில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். சித்திரை வெயிலில் இங்கே யாருக்கு வியர்க்காது?

அப்பச்சி விஷயம் வேறு. இந்தக் கிளிப் எல்லாம் பேண்ட் போடுகிற ஊருக்குச் செய்தது. வேட்டியில் கிளிப் மாட்டினால் துணி கிழியும், குனிந்தால் கத்தி கிணற்றுக்குள் போகும். மடியில் சுருட்டி வைத்தால் உருண்டைப் பிடி நழுவும், ஓபினெலுக்கும் இந்தக் குறை உண்டு. பச்சை பெல்ட் கட்டுகிறவராக இருந்தால் கவலையே இல்லை. அதன் பையில் 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி தட்டையாக உட்கார்ந்துகொள்ளும். 60 கிராமில் இருந்து 100 கிராம் வரை எடையுள்ள மாடல் போதும். பெயர் பெற்ற பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி 1964இலிருந்து வருகிறது, பூட்டு இரும்புக்கோட்டை. ஆனால் 200 கிராம். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும், பெல்ட்டில் போட்டால் உட்காரும்போது குத்தும். தோட்டத்துக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் கடைசியில் அதை மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இளநீர் சீவவும் நுங்கு வெட்டவும் மட்டை கழிக்கவும் எந்த மடக்குக் கத்தியும் ஆகாது, எவ்வளவு விலை கொடுத்தாலும். அது அரிவாள் வேலை. பனங்கிழங்கு உரிப்பது, வாழை நார் அறுப்பது, ஒட்டுக்கட்டக் கிளை சீவுவது வரைக்கும்தான் இதன் எல்லை.

சிலர் 'காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய இங்கிலீஷ் கத்தி கிடைக்கிறதே, அது உழைக்குமா?' என்று கேட்பார்கள். நீங்கள் பழைய வீடுகளுக்குள்ளேயே வேலை பார்ப்பவர், உங்கள் கண்ணிலும் படும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போனவர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொண்டுவந்த சாமான்களோடு ஷெஃபீல்டு பேனாக்கத்தியும் பெட்டகத்தில் இருக்கும். ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தி என்றால் அலகின் அடியில் நட்சத்திரமும் சிலுவையும் முத்திரையாக இருக்கும். கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் என்ற எழுத்து இருந்தால் விக்டோரியா ராணி காலத்துக் குறி. ஜி, ஆர் என்றால் ஜார்ஜ் மன்னர் காலம். அந்தக் கார்பன் எஃகு அருமையானது, இன்றைக்கும் சவரக் கூர் ஏறும். ஆனால் அலகைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தீட்டித் தீட்டி பாதி அகலம் போயிருந்தால் அது அலமாரிக்குத்தான். ஸ்பிரிங்கில் விரிசல் இருந்தால் பழுது பார்க்க இங்கே ஆளில்லை. தந்தப்பிடி என்று சொல்லி யாராவது விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். மான்கொம்புப் பிடியிலும் வில்லங்கம் உண்டு. வீட்டில் ஐயா வைத்த கத்தி இருந்தால் அது வேறு, அதை எடுத்துத் துடைத்துப் புழங்குங்கள். எனக்கு அந்தக் காலத்துக் கத்திகள் மேல் கொஞ்சம் பாசம் அதிகம், அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றுதான் எல்லோரும் தப்பாகச் செய்வது: மூட்டுக்கு நல்லெண்ணெய் விடுவது. காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாகி, நம் செம்மண் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். லின்சீட் ஆயில் இன்னும் மோசம். மரத்துக்கு அது மருந்து, மூட்டுக்கு விஷம். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பழம் நறுக்குகிற அலகுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். செம்மண் புகுந்து கரகரவென்றால் வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெய்.

சட்டம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுதான் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்ததற்கு அதிலும் விலக்கு உண்டு. நாம் பேசும் கத்திகள் அதில் பாதி நீளம்கூட வராது. அதற்காக, பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் ரகத்தை வாங்கி வைத்துக்கொண்டு போலீஸ்காரரிடம் பழம் நறுக்க என்று சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். கோர்ட்டுக்கும் கூட்டத் திருவிழாவுக்கும் எடுத்துப் போக வேண்டாம். மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறினால் கைப்பையில் வைக்காமல் லக்கேஜில் போட்டுவிடுங்கள். சோதனையில் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் பலர், அநேகமாக எல்லாம் சாவிக்கொத்துக் குட்டிக் கத்தி.

உங்களுக்கு என்றால், கட்டர் ஒன்று, நடுத்தர விலையில் பூட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கத்தி ஒன்று, ஒரு கல். 15,000 ரூபாய்க் கத்தி வேண்டாம். அந்தப் பணத்தில் இது எல்லாம் வாங்கி மிச்சமும் இருக்கும். ஆசைக்கு வாங்குவதென்றால் அது வேறு கணக்கு, யாரும் தடுக்கப் போவதில்லை. அப்பச்சிக்குக் கத்தரிக்கோல் உள்ள சுவிஸ் கத்தி. ஆனால் ஆன்லைனில் போட்டுவிடாமல் அவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். புதுக் கத்தியின் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும், நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கட்டைவிரல் நகம் அதற்கு ஒத்துழைக்காது. ஒவ்வொரு மாடலையும் அவரே திறந்து மூடிப் பார்க்கட்டும். எல்லாமே அவருக்குக் கடினமாக இருந்தால், ஓபினெலில் நகம் வைக்கும் பள்ளம் நீளம், அலகும் லேசாக வரும், ஸ்டெயின்லெஸ் அலகாகப் பார்த்து எட்டாம் நம்பரை எடுத்துவிட்டு, அதற்கு அளவாக ஒரு தோல் உறை தைத்துப் பெல்ட்டில் கோத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை.